வளைதலின் எல்லை

'வளைந்து கொடுத்துப் போ' என்ற அறிவுரையைக் கேட்காமல் இங்கே எந்தப் பெண்ணும் வளர்ந்திருக்க மாட்டாள். புகுந்த வீட்டிலும் அலுவலகத்திலும் மட்டுமல்ல, போராட்டக் களத்தில்கூட அது நம்மைத் தேடி வருகிறது. வெள்ளத்தில் மரம் சாயும், நாணல் பிழைக்கும் என்ற உவமையும் கூடவே வரும். வளைவது நற்பண்புதானா? இந்தக் கேள்வியை, வளைவதையும் தாங்குவதையும் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் இணைப்புத் திசுவை வைத்து யோசித்துப் பார்க்கிறேன்.

பள்ளிப் பாடத்தில் அதை ஒரு பக்கத்தில் கடந்திருப்போம். எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், கொழுப்பு, தோலின் உள்ளடுக்கு, உறுப்புகளைச் சுற்றிய உறைகள் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இதன் செல்கள் பெரும்பாலும் தள்ளித் தள்ளி இருக்கும். இடைவெளியை அவை உண்டாக்கிய இழைகளும் கூழும் நிரப்பியிருக்கும். எலாஸ்டின் என்ற இழை நீளும், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். கொலாஜன் கயிறு போல முறுக்கப்பட்டது. இழுவையைத் தாங்கும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் நீளாது. நம் உடலின் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கொலாஜன். மூட்டில் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நார் கொஞ்சம் இணங்கும், பிறகு நிறுத்திவிடும். அந்த மறுப்பு இருப்பதால்தான் மூட்டு நழுவாமல் இருக்கிறது.

மறுக்க முடியாத நார் என்ன ஆகும்? ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற நோய்த்தொகுதி அதைக் காட்டுகிறது. 2017இல் அதை 13 வகைகளாகப் பிரித்தார்கள். அதிகம் காணப்படுவது மூட்டுகள் மிகையாக வளையும் வகை. அது இருப்பதாகக் கண்டறியப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிறுமியின் கட்டைவிரல் முன்கையைத் தொடும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். பின்னாளில் தோள்மூட்டு நழுவும், கணுக்கால் அடிக்கடி பிசகும். நார் செய்ய வேண்டிய வேலையைத் தசைகள் சேர்த்துச் செய்வதால் வலியும் அயர்ச்சியும் நீங்காது. எக்ஸ்ரேயிலும் இரத்தப் பரிசோதனையிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'எல்லாம் நார்மல், நீங்கள்தான் ரொம்ப யோசிக்கிறீர்கள்' என்று அவளை அனுப்பிவிடுவார்கள்.

இந்த வகையை உறுதிசெய்ய மரபணுச் சோதனை இன்னும் இல்லை. மருத்துவர் மூட்டுகளை வளைத்துப் பார்க்க வேண்டும், அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவள் சொல்வதே இங்கே சான்று. அதை நம்பாதவர் சான்றை வீசி எறிகிறார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதும் அநீதி என்று தத்துவ அறிஞர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். வலியோடு அலையும் பெண்ணுக்கு இரண்டு துன்பம்: வலி ஒன்று, அதை நிரூபிக்க வேண்டியிருப்பது மற்றொன்று.

தாங்குவதற்கும் ஊட்டம் வேண்டும். கொலாஜனை உறுதியாக முறுக்க வைட்டமின் சி தேவை. அது கிடைக்காவிட்டால் ஸ்கர்வி நோய் வரும். 1740களில் ஜார்ஜ் ஆன்சனின் கப்பலில் ஸ்கர்வி கண்ட ஒரு மாலுமிக்கு, சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் போரில் பட்டு ஆறிய காயங்கள் மறுபடி திறந்துகொண்டதாக அந்தப் பயண நூல் சொல்கிறது. ஆறிய தழும்பையும் உடல் விடாமல் பராமரித்துக்கொண்டிருக்கிறது என்பது இதில் தெரிகிறது. பிரசவத்தில் இடுப்புக்குழியின் தசைகளும் திசுக்களும் இழுபட்டுக் கிழிவதுண்டு. ஆண்டுகள் கழித்து அடி இறக்கம் வரலாம். ஓய்வில்லாமல் குடமும் மூட்டையும் தூக்குகிறவளுக்கு அது மோசமாகும். 'நாங்களும்தான் பெத்தோம்' என்ற பேச்சில் அதுவும் மறைந்துபோகும்.

ஆனாலும் உடலை வைத்து அறம் பேசும்போது எச்சரிக்கை வேண்டும். கி.மு. 494இல் ரோமின் எளிய மக்கள் நகரைவிட்டு வெளியேறியபோது, மெனினியஸ் அக்ரிப்பா என்பவர் ஒரு கதை சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்தார் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வயிறு சும்மா தின்கிறதென்று கை, வாய், பல் எல்லாம் வேலையை நிறுத்தின. முடிவில் உடல் முழுதும் மெலிந்தது என்பதே கதை. உழைப்பவர்களை அடக்க உடல் உவமை பழைய கருவி. 'குடும்பத்தை இணைக்கும் இழை பெண்' என்ற புகழ்ச்சியும் அந்த வகைதான். திசு தன் வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை, விட்டுப் போகவும் அதற்கு வழியில்லை. நாம் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள்.

ஆகவே திசுவைப் போல் இருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வளைவதைப் பொதுவாக நற்பண்பு என்பவர்களிடம் மூன்று கேள்விகளைத்தான் வைக்கிறேன். வளைந்தவள் நிமிர இடம் இருக்கிறதா? அவள் இழந்ததை ஈடுசெய்வது யார்? 'இதற்கு மேல் முடியாது' என்று அவள் சொன்னால் அந்தச் சொல் ஏற்கப்படுமா? மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் வளைந்து கொடுப்பதற்குப் பண்பு என்று பெயரில்லை. அது தேய்மானம்.