வெயிலுக்கு ஓர் எண் எழுதுங்கள்

2025 ஜனவரியில் துபாய் பந்தயத் தளத்தில் பயிற்சியின்போது நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. சற்று நேரத்தில் அவர் காயமின்றி இறங்கி நடந்தார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பலரும் சொன்னது ஒன்றுதான்: கடவுள் காப்பாற்றினார்.

இல்லை. அவரைக் காப்பாற்றியவை உருக்குக் குழாய்க் கூண்டும், உடலை இருக்கையோடு இறுக்கிய வாரும், கழுத்து ஒடியாமல் தலையைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் முன்பு செத்துப்போன ஓர் ஓட்டுநர் இருக்கிறார். அந்தச் சாவை ஆராய்ந்த பொறியாளர் இருக்கிறார். பிறகு எழுதப்பட்ட ஒரு விதிமுறை இருக்கிறது. நன்றியை அங்கே சொல்ல வேண்டும். ஏனென்றால், பிழைத்தவரைக் கடவுள் கணக்கில் வரவு வைக்கிறவர்கள், பிழைக்காதவரையும் அதே கணக்கில் பற்று எழுதி ஏட்டை மூடிவிடுகிறார்கள். யார் பொறுப்பு என்ற கேள்வி அத்தோடு செத்துப்போகிறது.

அந்தக் கேள்வியைச் சாகவிடாமல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு லெ மான்ஸ் பந்தயம் நல்ல சாட்சி. பிரான்சில் 1923 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம் அது. அதில் முன்வரிசையில் ஓடுபவை புரோட்டோடைப் கார்கள். கடையில் விற்கும் காரை மாற்றி அமைத்தவை அல்ல. பந்தயத்துக்கென்றே முதல் கோட்டிலிருந்து வரைந்தவை. கார்பன் இழையால் ஆன கூட்டுக்குள் ஓட்டுநர், அவர் முதுகுக்குப் பின்னால் இன்ஜின், வேகம் கூடக்கூட காற்றே அழுத்தித் தரையோடு ஒட்டவைக்கும் உடல்வடிவம். அந்தக் காற்று முன்பக்கத்தின் அடியில் புகுந்துவிட்டால் அதே கார் பறக்கும்.

1999இல் பறந்தது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் சி.எல்.ஆர். கார் ஒன்று, மார்க் வெப்பர் ஓட்டும்போது, வியாழக்கிழமை தகுதிச்சுற்றில் அந்தரத்தில் புரண்டது. சனிக்கிழமை காலை அவர் கார் மறுபடியும் புரண்டது. அதன் பிறகும், முன்பக்கத்தில் சிறு தகடுகளைப் பொருத்திவிட்டு, மீதி இரண்டு கார்களையும் பந்தயத்தில் இறக்கினார்கள். பீட்டர் டம்ப்ரெக் ஓட்டிய கார் பறந்து தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு இடையே விழுந்தது. அவர் உயிர் பிழைத்தார். இரண்டு முறை பறந்த கார் மூன்றாம் முறை பறக்காது என்று நம்புவதற்கு ஒரே பெயர்தான் உண்டு: மூடநம்பிக்கை. காற்றுச் சுரங்கமும் கணினியும் கைவசம் இருப்பவர்கள் நம்பினாலும் அதற்கு அதே பெயர்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1999இலும் அதன் பிறகும் நடந்த விபத்துகளிலிருந்து பாடம் கற்று விதிமுறைகள் மாறிக்கொண்டே வந்தன. 2011இல் புதிய புரோட்டோடைப் கார்களின் முதுகில் செங்குத்தான தகடு வந்தது. 2012இல் சக்கரங்களுக்கு மேலே திறப்புகள் கட்டாயமாயின. அடியில் சேரும் காற்றழுத்தம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். அதே 2012இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் லெ மான்ஸில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவர் அணி ஆறாவதாக வந்தது. அவரோடு மாறி மாறி அந்தக் காரை ஓட்டிய இருவரில் ஒருவர், 13 ஆண்டுகளுக்கு முன் மரங்களுக்கு இடையே விழுந்த அதே பீட்டர் டம்ப்ரெக்.

இப்போது வெப்பத்துக்கு வருகிறேன். மூடிய புரோட்டோடைப் காரை வரைகிறவர் ஒவ்வொரு துளையையும் அடைக்கவே விரும்புவார். ஓட்டுநருக்குக் காற்று வர வழிவிட்டால் வேகம் குறையும். குளிர்சாதனம் வைத்தால் எடை கூடும், இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு போகும். பக்கத்து அணி வைக்காதபோது நான் மட்டும் வைத்தால் நான் தோற்பேன். ஆகவே போட்டியை அதன் போக்கில் விட்டால் ஓட்டுநர் வெந்துபோவார். அதனால்தான் எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் எண்ணை விதிமுறையில் எழுதினார்கள். வெளியே 25 டிகிரி வரை இருந்தால், ஓட்டுநரைச் சுற்றி 32 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெளியே அதற்கு மேல் இருந்தால், உள்ளே 7 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது. அப்படியானால் 40 டிகிரி நாளில் உள்ளே 47 வரை போகலாமே என்று கேட்கலாம். போகலாம். ஆனால் நேரத்துக்கும் எண் உண்டு: எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, 24 மணி நேரத்தில் மொத்தம் 14ஐத் தாண்டக் கூடாது. ஓட்டுநர் எவ்வளவு துணிச்சல்காரர் என்று அந்த விதிமுறை கேட்பதில்லை. மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று மட்டுமே கேட்கிறது.

இதே கேள்வியோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வாருங்கள். சாலையோரம் விரிந்து கிடக்கும் உப்பளங்களைப் பார்த்துப் பொறியியல் தெரியாத இடம் என்று எண்ணிவிட வேண்டாம். பாத்தியின் தரை மிதித்து இறுக்கப்படுகிறது, நீர் கசியாமலிருக்க. உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குச் சரிவறிந்து பாய்ச்சப்படுகிறது. அடர்த்தி ஏறும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிகிறது. அடர்த்தியை அளக்கும் போமே அளவியில் ஏறத்தாழ 25 டிகிரி வந்ததும் உப்பு விளைகிறது. மிஞ்சும் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடிக்காவிட்டால் உப்பின் தரம் கெடும். உப்பு நீருக்கு எண் இருக்கிறது. அதில் நிற்கும் மனிதருக்கு எண் இல்லை.

நிலமில்லாக் குடும்பங்களிலிருந்து வரும் ஆண்களும் பெண்களும் பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறார்கள், சுமக்கிறார்கள். மேலிருந்து அடிக்கும் வெயில் வெண்மையான தரையில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. தலைத்துண்டு அதைத் தடுக்காது, கண்ணுக்கு அதிலிருந்து தப்பிக்க இடமில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரமான கடற்காற்றில் அது முழுதும் ஆவியாகாமல் வழிகிறது. வழிந்தோடும் வியர்வை உடலின் நீரைக் குறைக்குமே தவிர வெப்பத்தைக் குறைக்காது. இது இயற்பியல். ஓட்டுநர் உடலுக்கும் உப்பளத்துப் பெண்ணின் உடலுக்கும் இதில் அணுவளவும் வேறுபாடு கிடையாது.

சட்டம் இவர்களைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. திறந்தவெளி உப்பளமும் தொழிற்சாலையே என்று 1961இல் ஆர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வெப்பத்தைப் பற்றிப் பேசியது பணி அறைகளுக்குள்தான். வானமே கூரையான இடத்துக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லதுதான். ஆனால் இறந்த பிறகு கொடுக்க எண் இருக்கிறது, இறக்கும் முன் நிறுத்த எண் இல்லை.

மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதாவது, இயற்கை காரணமாக வேலை நிற்கலாம், அப்போதும் கைக்கு ஏதாவது வர வேண்டும் என்ற கொள்கையை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். பிறகு வெயிலுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? மழை உப்பைக் கெடுக்கும். அதனால் வேலை நிற்கிறது. வெயில் மனிதரைக் கெடுக்கும், உப்பை விளைவிக்கும். அதனால் வேலை நடக்கிறது. நம் அறத்தின் அளவுகோல் உப்புதான் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

"அவர்களுக்குப் பழகிவிட்டது" என்பார்கள். உடல் ஓரளவுக்குப் பழகும். சிறுநீரகம் நீரின்மைக்குப் பழகாது. "விடியுமுன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்களே" என்பார்கள். ஆம், வெயிலைப் பற்றிய அறிவு அவர்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் கூலி போகும் என்றால் அந்த அறிவுக்கு விலை கொடுப்பவர்கள் அவர்களே. "உப்பு விலை ஏறும்" என்பார்கள். கணக்குப் போடுவோம். நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் என்றாலும் ஆண்டுக்கு 15 கிலோவுக்குள்தான். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினாலும் ஆண்டுக்கு 75 ரூபாயைத் தாண்டாது. "அது அவர்கள் தலையெழுத்து" என்று கடைசியில் சொல்வார்கள். தலையெழுத்தை எழுதியது யார் என்று கேட்டால், குத்தகைக் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதிய கைகளே தெரியும்.

முடியாத காரியமா இது? கத்தாரில் 2021 முதல் விதிமுறை உண்டு: ஈரக்குமிழ்–கருங்கோள வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் திறந்தவெளி வேலை நிற்க வேண்டும். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலையே கூடாது. அங்கே கட்டடம் கட்டப் போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அந்த எண் பொருந்தும். அவர் ஊரில் உப்பு வாரும் தங்கைக்குப் பொருந்தாது. அந்த அளவுகோல் ஒன்றும் மந்திரக் கருவி அல்ல. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 70 பங்கு, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி 20 பங்கு, சாதாரண வெப்பமானி 10 பங்கு. கல்லூரி ஆய்வகத்தில் செய்துவிடலாம்.

ஆகவே கேட்பது இவ்வளவே: இந்த அளவில் ஓர் எல்லை, அதைத் தாண்டினால் வேலையை நிறுத்துவது, நின்ற மணிகளுக்குக் கூலி, பாத்தி வரப்பில் நிழலும் குடிநீரும். ஒரு குத்தகைதாரர் நல்ல மனத்தோடு தானே செய்தால் பக்கத்துப் பாத்திக்காரரிடம் தோற்பார். ஆகவே எல்லோருக்கும் ஒரே விதிமுறை வேண்டும். அரசியல் சட்டத்தின்படி உப்பு உற்பத்தி ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. பேரிடர் அறிவிப்பு மாநிலத்துடையது. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டாமல் இதைச் செய்ய முடியும்.

பந்தயக் காரின் காற்றியக்கத்தை வியக்கும் பொறியியல் மாணவர்களே, உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். வேகமாக ஓடும் பொருளுக்கு மட்டும் அறிவைப் பயன்படுத்தி, மெதுவாக நடக்கும் மனிதருக்குத் தலையெழுத்தைப் பரிந்துரைப்பவர் பகுத்தறிவாளர் ஆக மாட்டார். அடுத்த உப்புப் பருவத்தில் அந்தக் கருவியோடு மரக்காணம் போங்கள். அளந்து எழுதுங்கள். எழுதியதை ஆட்சியர் மேசையில் வையுங்கள். எண் தெரிந்த பிறகும் வேலை நடந்தால், அதை நடத்துகிறவர் இன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை வந்துவிடும்.