ஒற்றைப் பூவின் பங்கு

நெல்லிவாசல்நாட்டில் சாமை பயிரிடுவோருக்கு உண்ணும் மணியும் விதைக்கும் மணியும் ஒன்றே. உதகை போன்ற குளிர்மலைத் தோட்டங்களில் வளரும் ‘ஸ்டாக்’ என்னும் மலர்ச்செடியின் நிலை வேறு. கடுகுக் குடும்பத்தைச் சார்ந்த இதன் பூ கிராம்பு மணம் கமழும். ஒரே காயின் விதைகளை ஊன்றினாலும், ஏறத்தாழப் பாதிச் செடிகள் அடுக்குப் பூவும், எஞ்சியவை நான்கே இதழுள்ள ஒற்றைப் பூவும் பூக்கின்றன. சந்தை நாடுவது அடுக்குப் பூவை. அதிலோ மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை, எல்லாம் இதழாகிவிட்டன. விதை ஈனுவது ஒற்றையே. கேம்பிரிட்ஜில் எடித் சாண்டர்ஸ் அம்மையார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்தார்.

நாற்றுகளைக் குளிரில் வைத்தால் அடுக்குச் செடி வெளிர்பச்சையாகவும், ஒற்றைச் செடி கரும்பச்சையாகவும் தோன்றும். தோட்டக்காரர் கரும்பச்சை நாற்றுகளைப் பிடுங்கி எறிகிறார். இது முறையா? செடிக்கும் நீதி உண்டோ என நகைப்போர் நகைக்கட்டும். அழகை விரும்புவது குற்றமன்று. ஆனால் எறிந்ததைப் ‘பயனற்றது’ என்பது பொய். வேறெங்கோ ஒருவர் ஒற்றைச் செடியைப் பேணி விதை எடுப்பதாலேயே இவரால் எறிய முடிகிறது.

நம் இல்லங்களுக்கு வருவோம். தம்பி கல்லூரி செல்வதற்காகப் பள்ளியை விட்டுக் கூலி வேலைக்குப் போன அக்காளை, பின்னாளில் விருந்தினர் முன் ‘இவள் படிக்கவில்லை’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அவன் பட்டம் அவள் கூலியில் விளைந்ததென்று சொல்லும் குடும்பங்களும் உண்டுதான். அங்கும், நிலம் பிரிக்கும் நாளில் அவள் பெயர் பத்திரத்தில் ஏறுகிறதா?