வேடிக்கை பார்க்கிறவர்

1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் பரவியிருந்தபோது, கீரனூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் இரவு வகுப்பு எடுத்தேன். எனக்கு இருபது வயது. சம்பளம் கிடையாது. ஒரு அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, சிலேட்டுகள், பாடப்புத்தகம். களையெடுத்தும் கல் உடைத்தும் திரும்பிய பெண்கள் வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டு ஏழரை மணிக்கு மேல் வருவார்கள். பதிவேட்டில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

பதிவேட்டில் இல்லாத ஒருவரும் வருவார். ஐம்பது வயதிருக்கும். வகுப்பு நடந்த திண்ணைக்குக் கீழே, விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில் மண்ணில் உட்கார்ந்திருப்பார். சிலேட்டு கொடுத்தால் வாங்க மாட்டார். எல்லோரும் சேர்ந்து பாடும்போது வாய் அசையாது. எழுந்து போகவும் மாட்டார். கடைசி ஆள் கிளம்பும்வரை இருந்துவிட்டுத்தான் போவார்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருவர்கூட விடுபடக் கூடாது என்ற வேகம் எங்களுக்கு. ஒரு நாள் பலகையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, "ஆத்தா, நீங்க எந்திரிச்சு வந்து இதைப் படிங்க பாப்போம்" என்று கூப்பிட்டேன். பதினெட்டுத் தலைகளும் திரும்பின. அவர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார், போனார். மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

"ஏன் டீச்சரு, அவுக பாட்டுக்கு இருந்தாக. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டார்.

எனக்கு என்ன வந்தது? முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர் பேசாததால் அவருக்கு என்ன நஷ்டம் என்று அன்றைக்கு யோசித்ததாக நினைவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஜோடிக் கண் நமக்கு மதிப்பெண் போடுவதுபோலத் தோன்றும். அந்தக் கூச்சத்தை அவர் வாயைத் திறக்கவைத்துப் போக்கிக்கொள்ளப் பார்த்தேன்.

நம் ஊரில் பெண்ணின் மௌனத்துக்கு இரண்டு அர்த்தங்கள் தயாராக இருக்கின்றன. மௌனம் சம்மதம் என்பது ஒன்று. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றவளிடம் இரண்டாவது தடவை கேட்பவர் யார்? 'அவ ஒண்ணும் சொல்லலியே' என்பதே பதிலாகி, தட்டு மாற்றிவிடுவார்கள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது மற்றது. பேசாதவள் உள்ளுக்குள் ஏதோ வைத்திருக்கிறாள், ஜாக்கிரதை. இயக்கத்துக்கு வந்த நாங்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தோம்: பேசாதவள் இன்னும் விழிக்காதவள், பேசவைத்துவிட்டால் விடுதலை. மூன்றில் இதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். இது எங்களுடையது என்பதால்.

'வேடிக்கை பார்க்கிறாள்' என்பதை நாம் ஒரு வசையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முளைப்பாரிக் கும்மியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வட்டத்துக்கு வெளியே எப்போதும் இன்னொரு வட்டம் நிற்கும். புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண், இடுப்பில் பிள்ளையோடு நிற்பவள், அடி தெரியாத சிறுமி. கை மட்டும் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும். 'ஏன் ஆடாமல் நிற்கிறாய்' என்று யாரும் அவர்களை விசாரிப்பதில்லை. ஒரு சுற்றில் இரண்டு பெண்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடும். அவள் நுழைந்துகொள்வாள். பிசகினால் பக்கத்தில் இருப்பவள் தோளால் இடித்துச் சரிசெய்வாள். நுழையாமலே வீட்டுக்குப் போனாலும் அவள் கும்மிக்கு வந்தவள்தான். ஒப்பாரியும் இப்படித்தான் கைமாறுகிறது. பத்துச் சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழ மட்டும் செய்தவள், பதினோராவதில் தன் தாய்க்குச் சொல் எடுப்பாள்.

அறிவொளி காலத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை எழுத்தறிவோடு சேர்த்தார். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பி. சாய்நாத் எழுதி வெளியூர்களுக்கும் அது தெரிந்தது. ஓட்டியவர்களைப் படம் எடுத்தார்கள். ஆனால் நான் நின்ற பொட்டலில் ஒருத்தி ஓட்டினால் இருபது பேர் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். சேலையை எங்கே சொருகுகிறாள், விழுந்தால் எப்படி எழுகிறாள், ஆம்பளைகள் சிரித்தால் என்ன செய்கிறாள் என்று கவனித்தார்கள். ஊர் முன்னால் விழுவதன் விலை என்ன என்பதை அடுத்தவள் விழும்போது கணக்குப் பார்த்தார்கள். இதைச் சோம்பல் என்றோ பயம் என்றோ சொல்ல எனக்கு மனசில்லை. விலை தெரியாமல் யாரும் சாமான் வாங்குவதில்லை.

அந்த அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவர் காலனித் தெருவிலிருந்து வந்தவர். வகுப்பு நடந்தது ஊர்த்தெருவில், ஒரு வசதியான வீட்டின் திண்ணையில். விளக்கு மாட்ட ஆணி இருந்ததால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் திண்ணையில் அவர் கால் வைத்ததில்லை, வைக்கவும் முடியாது. இது எனக்குத் தெரியாதா? அந்த ஊரில் யார் எதுவரை வரலாம் என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே அதை அவருடைய கூச்சம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன். அவர் அதுவரை வந்ததே பெரிய காரியம் என்று எனக்கு உறைக்கவில்லை. ஏற முடியாத திண்ணைக்கு 'எந்திரிச்சு வாங்க' என்று எல்லோர் முன்னாலும் கூப்பிட்டேன். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது.

பேசாதவரைப் பேசச் சொல்வதற்கு முன்னால், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் வாய்க்குக் குறை ஒன்றும் இல்லை, சபைதான் குறை. ஆண்கள் மட்டுமே இருக்கும் ஜமாஅத்தில் ஒரு பெண்ணின் தலாக் வழக்கு அவள் இல்லாமலே பேசி முடிக்கப்பட்டது. அங்கே அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானமும் அவரோடு நின்ற பெண்களும் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை அமைத்தார்கள். பெண்களே உட்கார்ந்து பெண்களின் வழக்கைக் கேட்கும் சபை அது. தீபா தன்ராஜ் 2011இல் அதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அவர்கள் யாரையும் 'பேசு, பேசு' என்று பிடித்துத் தள்ளவில்லை. உட்கார வேறு இடம் போட்டார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, மௌனம் அவரவர் உரிமை, விட்டுவிடலாம் என்று முடித்துக்கொள்ள எனக்கும் வசதிதான். கிராம சபை விடமாட்டேன் என்கிறது. குறைந்தபட்ச வருகை இத்தனை பேர் என்று விதி இருக்கிறது. மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 வரை. அந்த எண்ணிக்கையை நிரப்பி வந்தது பெரும்பாலும் நூறு நாள் வேலைப் பெண்கள். நான் போயிருக்கும் கூட்டங்களில் அவர்கள் தரையில், ஆண்கள் நாற்காலியில். நோட்டு ஒன்று வரிசையாகக் கைமாறும். கையெழுத்து விழும். தீர்மானம் அப்புறம் எழுதப்படும். 'ஏகமனதாக நிறைவேறியது' என்ற வரியில் அத்தனை பேரின் மௌனமும் போய்ச் சேரும். பெண் பார்க்கும் கூடத்தில் நடந்ததே இங்கே அரசுக் காகிதத்தில் நடக்கிறது. அறிவொளியில் கைநாட்டை ஒழித்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. புதுக்கோட்டை கிராமங்களில் தங்கி அந்த இயக்கத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியிட்ட நூலில் கையெழுத்துக்கும் மனுவுக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறார். மனுவில் போட்ட கையெழுத்து பெண்களை ஆட்சியர் அலுவலகம் வரை கொண்டுபோனது உண்மை. காலியாக இருக்கும் பக்கத்தின் அடியில் போட்ட அதே கையெழுத்து அவர்களை எங்கே கொண்டுபோகும் என்று நாங்கள் பாடம் நடத்தவில்லை.

ஆக, பேசாதவரை நோண்டக் கூடாது. பேசாததைச் சம்மதம் என்று எழுதவும் கூடாது. முதலாவது பொறுமை சம்பந்தப்பட்டது, எளிது. இரண்டாவதற்குச் சண்டை போட வேண்டும், அதுவும் பேசிப் பழகிய நாம்தான் போட வேண்டும். ஒரு கூட்டத்தில் எதையும் சொல்லாமல் இருக்கும் சுதந்திரம் அவருக்கு வேண்டுமென்றால், அந்த மௌனத்தை வேறு யாரும் எடுத்துச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

புதிதாக வருகிறவரிடம் 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்று ஆரம்பிப்பதை நான் நிறுத்திவிட்டேன். எங்கள் மகளிர் வாசிப்புக் கூட்டத்துக்கு வரும் கல்லூரிப் பெண்கள் முதல் மாதம் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் இடம் போடுகிறோம். போன தடவை எங்கே விட்டோம், யாரோடு யாருக்குச் சண்டை என்று காதோடு சொல்கிறோம். டீ கொடுக்கிறோம். சிலர் ஒரு வருஷம் கழித்துப் பேசினார்கள். ஒருத்தி நான்கு வருஷம் வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுக்கு அந்தக் கூட்டம் என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் யார் என்றும் தோன்றுகிறது, ஆனால் ஆசை இருக்கிறது.

ஒரு கிராம சபையில் என் பக்கத்தில் ஒரு மருமகப் பெண் வந்து உட்கார்ந்தாள். முதல் தடவை போல. நாற்காலியில் இருந்தவர்களில் யார் செயலர், யார் வார்டு உறுப்பினர், யார் சும்மா வந்து உட்கார்ந்திருப்பவர் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள். நோட்டு வந்தது. மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அக்கா, இதுல போடாட்டி என்ன செய்வாக?"

"ஒண்ணும் செய்யமாட்டாக. மேல எழுதி வாசிச்சுக் காட்டச் சொல்லி நான் கேக்கப் போறேன்."

அவள் கொஞ்ச நேரம் நோட்டை மடியில் வைத்திருந்தாள். பேனாவை மூடினாள். ஒன்றும் சொல்லாமல் நோட்டை என் கையில் கொடுத்தாள்.