அடைக்கலப் பொருள்

ஆன்மா தனித்து நிற்கும் இயல்புடையதன்று. கொழுகொம்பு கிடையாத முல்லைக்கொடி நிலத்திலே கிடந்து துவள்வது போல, ஏதேனும் ஒன்றைச் சாராமல் அதனால் நிற்க இயலாது. உலகைச் சார்ந்தால் உலகின் வண்ணமும் இறைவனைச் சார்ந்தால் அவனது வண்ணமும் அதற்கு உண்டாகும் என்பது சைவசித்தாந்தம் தரும் தெளிவாகும். ஆலயத்திற்கு வரும் அடியார் கொடிமரத்தின் கீழே விழுந்து வணங்கும்போது மனத்துள் சொல்லும் சொற்கள் பல. அவற்றுள் பழமையும் எளிமையும் ஒருங்கே அமைந்தது அடைக்கலம் என்னும் சொல். தஞ்சம், சரண், புகல் என்பனவும் ஏறத்தாழ இதே பொருளைத் தருவனவே. எனினும் அவற்றில் இல்லாத ஒன்று இச்சொல்லில் உண்டு.

தஞ்சம் என்றால் ஓடிப்போய்ச் சேரும் இடம். அடைக்கலம் என்றால் அந்த இடமும் ஆகும். அங்கே ஒப்படைக்கப்பட்ட பொருளும் ஆகும். வெளியூர் செல்பவர் தமது நகையை நம்பிக்கையான அயலவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சென்றால் அந்த நகை அடைக்கலப் பொருள். கொடுத்தவர் நிம்மதியாகப் பயணம் போய்விடுவார். வாங்கி வைத்தவருக்குத்தான் இரவில் நித்திரை வராது. தன் சொந்த நகை களவு போனால் அது நட்டம் மட்டுமே. அடைக்கலமாக வந்த நகை களவு போனால் அது பழியும் ஆகும். ஆகவே இச்சொல்லின் பாரம் முழுவதும் காப்பவர் தலையிலேயே விழுகின்றது.

மார்கழியில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க விடியற்காலையில் திருவெம்பாவை பாடும் வழக்கம் இந்நாட்டுச் சைவக் கிராமங்களில் நெடுங்காலமாக உள்ளது. அதன் பத்தொன்பதாவது பாடலில் மாணிக்கவாசக சுவாமிகள் ஒரு பழஞ்சொல்லை எடுத்தாளுகின்றார். மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் பெற்றோர், இனி இவள் உன் கையிலுள்ள அடைக்கலம் என்று மருமகனிடம் சொல்லும் வார்த்தை அது. அந்தப் பழஞ்சொல் மீண்டும் சொல்லப்படுமோ என்று தமக்கு அச்சமாக இருப்பதாகப் பாடலில் வரும் கன்னியர் சிவபெருமானிடம் கூறுகின்றனர். பாட்டைப் பல்லாண்டு பாடியும் அந்த அச்சத்தைக் கவனியாமல் விடுபவர் உண்டு. சிவனடியார் அல்லாத ஒருவன் கையில் அடைக்கலமாகிவிட்டால் என்ன செய்வது என்பதே அவர்களின் கவலை. யார் கையிற் கொடுக்கப்படுகிறோம் என்பதில்தான் வாழ்வு முழுவதும் தங்கியுள்ளது. இதனைப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே சுவாமிகள் அருளிய திருவாசகத்தில் அடைக்கலப்பத்து என்றே ஒரு பதிகம் உண்டு. பத்துப் பாடல்களும் அடைக்கலம் என்ற சொல்லில் வந்து முடிகின்றன. அவற்றில் தமது தகுதி எதனையும் சுவாமிகள் எடுத்துக்கூறவில்லை. செம்மனம் படைத்த அடியவர்கள் உன் திருவடியைச் சேர்ந்துவிட்டார்கள், நானோ அழுக்கு மனத்தோடு இங்கே கிடக்கிறேன் என்ற முறையிலேயே பதிகம் தொடங்குகின்றது. தாழியிலுள்ள தயிர் மத்தினால் கலங்குவது போலத் தமது உள்ளம் ஆசையினால் கலங்குவதை ஒரு பாடலில் ஒளிக்காமல் சொல்கின்றார். அத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் நான் உன் அடைக்கலம் என்று முடிக்கின்றார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நகையை ஒப்படைக்கும்போது கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவே பேசாத பொருள் ஒன்று. அடைக்கலப்பத்திலோ கொடுப்பவர் எவரும் இல்லை. பொருளே வாய் திறந்து பேசுகின்றது. அதுவும் இறைவனை உடையவனே என்று விளித்துப் பேசுகின்றது. பொருளுக்குச் சொந்தக்காரனும் நீ, காப்பவனும் நீ; அப்படியிருக்க என்னைத் தவறவிட்டால் பழி எவருக்கு என்று கேளாமல் கேட்கின்றது. கெஞ்சுவது போலத் தோன்றினாலும் உரிமை கோரும் குரல் இது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டு, அதற்காக வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டவர் சுவாமிகள் என்று புராணம் கூறும். பிறர் ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

மனிதர் மனிதரிடம் ஒப்படைக்கும் அடைக்கலத்தைப் பற்றி ஆழமாகப் பேசும் நூல் சிலப்பதிகாரம். அதன் மதுரைக் காண்டத்தில் அடைக்கலக் காதை என்னும் பெயரிலேயே ஒரு காதை உண்டு. புகாரிலிருந்து கால்நடையாக வந்த கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியில் தங்கியிருக்கின்றனர். அது துறவோர் உறையும் இடம். இல்லறத்தார் அங்கே நெடுநேரம் தங்குதல் முறையாகாது. பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போயாக வேண்டும். வழித்துணையாக வந்த சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் என்ன செய்வதென்று எண்ணியிருக்கையில், இயக்கிக்குப் பாற்சோறு படைத்துவிட்டு ஆயர்குல முதுமகள் மாதரி அவ்வழியே வருகின்றாள். செல்வரையும் வணிகரையும் தேடாமல், மோர் விற்று வாழும் அந்தத் தாயிடமே கண்ணகியைக் கவுந்தியடிகள் ஒப்படைக்கின்றார். வெயிலில் நடந்து வாடியும் தன் வருத்தத்தை வெளிக்காட்டாத இந்தப் பெண்ணுக்குத் தாயாகவும் தோழியராகவும் காவலாகவும் இருக்குமாறு கேட்டுக்கொள்கின்றார்.

மாதரி மகிழ்ந்துபோகின்றாள். தன் மனைக்கு அருகே காவலமைந்த சிறுமனை ஒன்றில் இருவரையும் குடியிருத்துகின்றாள். சாலியரிசியும் காய்கனிகளும் பாலும் கொடுக்கின்றாள். மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக விடுகின்றாள். அவளிடம் குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. கோவலன் சிலம்பை விற்கப் போனது அவள் அறிவித்த வழியுமன்று. மறுநாள் குடத்துப் பால் தோயாமல் நின்றது. தீக்குறி கண்ட ஆய்ச்சியர் குரவையாடி வேண்டினர். அதற்குள் நகரில் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது.

பிற்பாடு சேரன் செங்குட்டுவனுக்கு மாடலன் என்னும் மறையோன் சொல்லும் செய்தி இது: அடைக்கலத்தை இழந்துவிட்டேன் என்று மாதரி தீயிற் புகுந்தாள், கவுந்தியடிகள் உண்ணாதிருந்து உயிர் துறந்தார். அந்தக் காப்பியத்தில் ஓரிரு அடிகளில் வந்துபோகும் செய்திதான். அவர்கள் உயிரை மாய்த்தது சரியோ என்பது வேறு விடயம். அதை எவரும் வழியாகக் கொள்ளத் தேவையில்லை. சிந்திக்கற்பாலது வேறொன்று. மாதரியை எவரும் குற்றஞ்சாட்டவில்லை. என்னாலான வரை செய்தேன், விதி முந்திக்கொண்டது என்று அவள் சொல்லியிருந்தால் மதுரையில் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. தன் காவலில் இருந்தவர்களுக்கு நேர்ந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

அதே நேரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி நிற்கின்றாள். நீ யார் என்று கேட்ட அரசனுக்கு அவள் தன் நகரின் பெயரை வெறுமனே சொல்லவில்லை. ஒரு புறாவின் துயரைத் தீர்த்த சோழனை முதலிற் சொல்லி, கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனை அடுத்துச் சொல்லி, அவர்களுடைய புகார் என் ஊர் என்கின்றாள். பருந்துக்கு அஞ்சி மடியில் வந்து விழுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைத் தமிழ்ப்புலவர் சோழர் குலத்தோடு சேர்த்தே பாடினர். அடைக்கலம் புகுந்த பறவையைக் காத்த குலம் அங்கே. அடைக்கலம் புகுந்த மனிதனை விசாரியாமல் கொன்ற அரசு இங்கே. கண்ணகி இதனை விரித்துரைக்கவில்லை. ஊர்ப்பெயரைச் சொன்ன விதத்திலேயே தீர்ப்பு அடங்கிவிடுகின்றது. மதுரையை எரிக்குமாறு தீக்கடவுளை ஏவும்போதும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் அறவோரையும் விலக்கிவிடச் சொல்கின்றாள். அத்தனை சினத்திலும் சிலருக்கு அடைக்கலம் கொடுக்க அவள் மறக்கவில்லை.

கம்பரும் வீடணன் அடைக்கலப் படலத்தில் இந்தப் புறாவையே நினைக்கின்றார். இலங்கையிலிருந்து பகைவன் தம்பி வந்து நிற்கிறான். சேர்க்கலாகாது என்று பலர் சொல்ல, அனுமன் மட்டும் சேர்க்கலாம் என்கிறான். இராமபிரான் சிபியைச் சொல்லி, தன் பேடையைப் பிடித்த வேடனுக்கே பசிதீரத் தன்னுடலைக் கொடுத்த ஆண்புறாவையும் எடுத்துச் சொல்லுகின்றார். வந்தவன் நல்லவனா என்ற ஆராய்ச்சியைவிட, வந்துவிட்டான் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இவையெல்லாம் ஏட்டில் உள்ள கதைகள் என்று தள்ளிவிட இந்நாட்டுச் சைவ மக்களால் இயலாது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் யுத்தம் மூண்டபோது நல்லூர்க் கந்தன் வீதி முழுவதும் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வீடு துறந்து நடந்தபோது, தென்மராட்சியின் கோயில் மண்டபங்களும் மடங்களும் பள்ளிக்கூடங்களும் அவர்களை ஏந்தின. வாகனங்கள் நிற்கும் மண்டபத்தில் பாய் விரித்துக் குழந்தைகள் உறங்கின. மடப்பள்ளி அடுப்பில் கஞ்சி காய்ந்தது. யார் எந்தக் குடியென்று எவரும் கேட்கவில்லை என்று எழுதினால் படிக்க அழகாயிருக்கும்; அது முழு உண்மையாகாது. கேட்டவர்களும் இருந்தார்கள். கிணற்றில் வாளியைத் தொடவிடாதவர்களும் இருந்தார்கள். கவுந்தியடிகள் தன் சமயமும் அல்லாத, வணிகர் குலமும் அல்லாத ஓர் ஆய்ச்சியின் கையில் கண்ணகியைக் கொடுத்த கதையைப் பாடமாக்கியவர்களே அப்படி நடந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அடைக்கலம் எப்போதும் காத்துவிடுவதும் இல்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் அயலிலும் தங்கியிருந்தவர்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குள்ளேயே எறிகணைகள் வீழ்ந்தன. கடைசியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பே மக்களின் புகலிடமாயிற்று. அங்கே மாண்டவர்களுக்குப் பக்தி போதவில்லை என்று சொல்பவர் எவராயினும் அவர் திருவாசகத்தைச் சரியாக ஓதியவர் அல்லர். மாணிக்கவாசகர் உடம்பு தப்பும் என்று உறுதி கேட்டுப் பாடவில்லை. உடம்பு நிற்பினும் வீழினும் தாம் யாருடைய பொருள் என்பதையே சொன்னார். உடம்பைக் காக்கும் அடைக்கலத்தை இறைவன் கவுந்தியிடமும் மாதரியிடமும் விட்டிருக்கின்றான். அதைப் பெற்றுக்கொண்டு தவறவிட்டவர்கள் கடவுளைக் காட்டித் தப்ப முடியாது.

அதே நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் ஆலயம் அமைந்துள்ளது. மதுரையை எரித்த பின் அம்மன் ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக இங்கே தங்கினாள் என்பது ஐதிகம். எப்படி வந்தாள் என்பதைத்தான் அப்பகுதித் தாய்மார் விரும்பிச் சொல்வார்கள். சிலம்பேந்திய பத்தினித் தெய்வமாக வரவில்லை. ஒரு கிழவியாக, பசியோடு வந்தாள். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் கண்டார்கள். மதுரையில் அவளைத் தாங்கியவளும் ஆயர் குலத்தவள்; இங்கும் மாட்டுக்காரப் பிள்ளைகள்தான். யாரம்மா நீ என்று விசாரித்துக் கொண்டிருக்காமல் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை விட்டு ஏற்றுங்கள் என்றாள் கிழவி. பிள்ளைகள் அப்படியே செய்தார்கள், விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்கிறது, பாருங்கள் என்று சொல்ல, அவர்கள் மயிரை விலக்கிப் பார்த்தபோது தலை முழுவதும் கண்கள் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவள் மறைந்தாள்.

அதன் நினைவாக இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கப்படுகின்றது. அந்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றுகின்றனர். பின்னர் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளையில் பொங்கல் நடைபெறும். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் சனங்கள் பாற்செம்பும் காவடியுமாக வருவார்கள். 2009 வைகாசியில் அந்தக் கடலோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அவர்களோடு வருகின்றனர். பொங்கல் முடிய நடுச்சாமம் கடந்துவிடும். வீடு தூரமானவர்கள் கோயில் வீதி மணலிலேயே சேலைத் தலைப்பை விரித்துப் பிள்ளைகளை அணைத்தபடி விடியும்வரை படுத்திருப்பார்கள்.