மழைக் கணக்கு

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூருக்குள் இறங்கியதும் எனக்குத் தொழில் சூடு பிடிக்கும். கடைக் கண்ணாடிகளில் புழுதி அப்பிவிடும். ஆடித் தள்ளுபடிக்கு வரும் கூட்டத்துக்கு உள்ளே தொங்கும் சேலை வெளியிலிருந்தே தெரிய வேண்டுமல்லவா? கடைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு அதே காற்றுதான், காலை ஏழு மணிக்கு, நூறடி ரோட்டில் நான் ஏறி நின்ற ஏணியை ஒரு சாண் நகர்த்தியது. பத்தடி உயரம். பெயர்ப் பலகையின் இரும்புச் சட்டம் கைக்கு அகப்பட்டதால் பிழைத்தேன். பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து ஏணியைப் பிடித்தார். நான் இறங்கியதும், "ஏனுங், இதப் புடிக்கறதுக்குன்னு ஒரு ஆள் வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதுவரை என் தொழில் என்பது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்., அதன் பக்கவாட்டில் கட்டிய மடக்கு ஏணி, வாளி, நீட்டிச் சுருக்கும் கம்பு, நான்கு வைப்பர், அப்புறம் நான். பத்து வருடம் இப்படியே ஓட்டியாயிற்று. ஆள் வைத்தால் வேலை கெட்டுவிடும் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் பணம். வெயில் ஏறினால் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து கோடு விழும். பத்து மணிக்குக் கடைகள் திறந்துவிடும். ஆக, ஆறிலிருந்து பத்து வரைதான் வேலை. தனியாக நான்கு கடை முடிப்பேன். கடைக்கு 350 ரூபாய் என்றால் 1,400. இரண்டு பேர் இருந்தால் ஏழு கடை முடிக்கலாம், ஆனால் கையில் இருந்ததோ ஐந்து கடைக்கான வேலை. ஐந்து கடைக்கு 1,750. அதில் ஆளுக்கு 450 போனால் எனக்கு மிச்சம் 1,300. ஆள் வைத்த முதல் நாளே எனக்கு நூறு ரூபாய் நஷ்டம். ஏணி ஆடியிருக்காவிட்டால் இந்தக் கணக்கைக் காட்டியே இன்னும் பத்து வருடம் தனியாக ஓட்டியிருப்பேன்.

ஆள் தேடியபோது வந்தவருக்கு ஐம்பத்து நான்கு வயது, என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு, மதியத்துக்கு மேல் பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலை சும்மாதான் இருக்கிறது என்றார். நான் அவரை அண்ணா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். டீக்கடை பெஞ்சில் பேசி முடித்தோம். கேள்வி கேட்க வேண்டியவன் நான், ஆனால் முதல் கேள்வி அவரிடமிருந்துதான் வந்தது.

"தம்பி, ஈ.எஸ்.ஐ. இருக்குங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் மில்லில் இருந்த மனிதர். மனைவிக்குப் பிரசவம், அவருக்குக் கை எலும்பு முறிவு, எல்லாவற்றுக்கும் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிதான். வேலை என்றால் அவருக்குச் சம்பளத்தோடு இதுவும் சேர்ந்ததுதான். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் அது உண்டு, பி.எஃப்.புக்கு இருபது பேர் வேண்டும், இங்கே நீங்கள் ஒருவர்தான் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். "அப்ப ஏணில இருந்து விழுந்தா?" என்று கேட்டார். பத்து வருடம் நானே ஏறி இறங்கியபோது என்னை நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

மறுநாள் வேலைக்கு வந்தவர் தம்பி என்று கூப்பிடவில்லை. முன்பணமாக ஆயிரம் ரூபாய் வாங்கியிருந்தார், அதனால் நான் முதலாளி ஆகிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

கற்றுக்கொடுப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். என் கை செய்வதை என் வாயால் சொல்ல முடியவில்லை. "இப்படி இழுங்க" என்பேன். "எவ்வளவு சாய்வுங்க?" என்பார். மில்லில் நூலை நம்பர் சொல்லிப் பார்த்தவர், "இப்படி" என்றால் விடுவாரா? அவருக்காக என் கையையே நான் முதன்முறையாகக் கவனித்தேன். சோப்பு நீர் போட்டதும் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முதலில் துணியால் துடைத்துவிடுகிறேன். அங்கிருந்து வைப்பரை வைத்தால்தான் மேலிருந்து நீர் வழியாது. ஒவ்வோர் இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் இரண்டு விரல் ஏறிப் போகிறது. ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் ரப்பரைத் துணியில் ஒருதரம் ஒற்றுகிறேன். ரப்பரில் நகக்கண் அளவு வெட்டு விழுந்தாலும் கண்ணாடி முழுக்க ஒரு நீர்க்கோடு போகும், அந்த நிமிடமே ரப்பரை மாற்ற வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பது அவர் கேட்கும்வரை எனக்குத் தெரியாது.

இப்போது உலகம் முழுக்கப் பயன்படும் ஒற்றை ரப்பர் வைப்பரை 1936-இல் கலிஃபோர்னியாவில் உருவாக்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து அங்கே போய்க் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர். அதற்கு முன்பிருந்த கருவி கனமானது, ரப்பர் மாற்ற ஏகப்பட்ட திருகுகளைக் கழற்ற வேண்டும். இந்தக் கதையை அண்ணாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "அவரும் ஆள் வெச்சிருந்தாருங்களா?"

இரண்டாவது மாதம் அது நடந்தது. ஊரில் சிறுவாணித் தண்ணீர் பட்டால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. போர்வெல் தண்ணீரில் வாசல் கழுவும் கடைகளில்தான் தொல்லை. தெறித்த துளி காய்ந்து உப்பு வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும். அன்று நான் பக்கத்துக் கடையில் இருந்தேன். புள்ளி போகவில்லை என்று அவர், பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அந்தக் கடையிலேயே கேட்டு வாங்கித் தேய்த்துவிட்டார். புள்ளி போயிற்று. ஆசிட் வழிந்த அலுமினியச் சட்டத்தின் பளபளப்பும் போயிற்று. கீழ்ச் சட்டம் முழுக்க வெள்ளைத் திட்டு. மாற்ற 3,800 ரூபாய் ஆகும் என்றார் கடைக்காரர். கூடவே யோசனையும் சொன்னார்: "அவரு சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் புடிச்சுக்கங்க."

அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். திரும்பி வரும் வழியில் மெதுவாகச் சொன்னார். "மில்லுல இப்படி ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல மெமோ குடுப்பாங்க. நாம பதில் எழுதலாம். அப்பறந்தான் பிடித்தம்." தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. காரணம் சொல்ல வாய்ப்பு கொடுக்காமல், நஷ்டத்துக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொல்லியிருந்தது. அந்தச் சட்டம் வந்ததும் 1936-தான். அந்த வருடத்துக் கருவி பத்து வருடமாக என் கையில் இருந்தது. அந்த வருடத்துச் சட்டத்தை அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

சரி, மெமோ கொடுத்திருந்தால் அவர் என்ன பதில் எழுதியிருப்பார்? "அலுமினியச் சட்டத்தைப் பற்றி நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை" என்றுதானே? கண்ணாடியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன். அலுமினியத்தில் ஆசிட் படக் கூடாது என்பது எனக்குள் இருந்த அறிவு. எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தேவையில்லாததால் அவருக்கும் சொல்லவில்லை. 3,800 ரூபாயை நான் கட்டினேன். பெருந்தன்மை என்று எதுவும் இல்லை, கணக்குப்படி அது என்னுடைய கடன்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டால் கடைக்காரர்கள், "மழையே கழுவிடுமுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த மாதம் பதினொரு நாள் வேலை இல்லை. முந்தைய இரவே அவருக்குப் போன் செய்வேன். "நாளைக்கு வேண்டாங்கண்ணா." "சரிங்க முதலாளி." அவ்வளவுதான் பேச்சு. அவரும் முகம் சுளித்ததில்லை, எனக்கும் உறுத்தவில்லை. வேலை இல்லை, கூலி இல்லை. ஊர் வழக்கம்தானே.

மாதக் கடைசியில் நோட்டைத் திறந்தேன். பதினான்கு கடைகள் மாதக் கணக்குக் கடைகள். மாதம் இரண்டு முறை துடைக்க 700 ரூபாய். மழையால் ஒரு முறைதான் துடைத்திருந்தேன், சில கடைகளில் அதுவும் இல்லை. ஆனால் பதினான்கு கடையும் 700 கொடுத்திருந்தன. யாரும் பிடித்தம் செய்யவில்லை. மழை நாளுக்கும் எனக்குக் கூலி வந்திருக்கிறது. அவருக்கு மட்டும் வரவில்லை. நானும் பாவம், அவரும் பாவம், மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிட்டேன். நோட்டு வேறு கதை சொன்னது. எனக்குக் கிடைத்த நிழலை, அவரைப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் அனுபவித்திருக்கிறேன்.

பாதி நேர வேலை என்று ஒன்று உண்டு. பாதி நேரப் பசி என்று ஒன்று இல்லை. நான்கு மணி நேரத்தைத்தான் வாங்குகிறேன், மீதி இருபது மணி நேரம் எனக்குச் சம்பந்தமில்லை என்பது வாங்குகிறவனின் கணக்கு. விற்கிறவர் அந்த நான்கு மணி நேரத்தை எனக்காகத் தினமும் காலியாக வைத்திருக்கிறார், வேறு யாருக்கும் கொடுக்காமல். நான் வேண்டாம் என்று சொல்லும் நாளிலும்.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். மழையோ வெயிலோ, மாதம் இருபது நாள் கூலி உறுதி, 9,000 ரூபாய். அதற்கு மேல் வேலை இருந்தால் அதுவும் சேரும். மழை நாளில் வந்தால் ரப்பர் மாற்றுவோம், பில் எழுதுவோம், புதுக் கடைகளுக்குப் போய்ப் பேசுவோம். இதனால் எனக்குக் கூடுதல் செலவு வருடத்துக்கு ஏழாயிரத்துக்குள். நான் வாங்கிய அலுமினிய ஏணியின் விலை அதைவிட அதிகம். மாதக் கணக்குக் கடைகளிடம் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டேன். இரண்டு கடைகள் நின்றுவிட்டன, அந்த இடத்தை நிரப்ப நான்கு மாதம் பிடித்தது. மீதிப் பன்னிரண்டு கடைகள் கொடுத்த ஐம்பதில் வருடத்துக்கு 7,200 ரூபாய் வந்தது.

ஈ.எஸ்.ஐ. என்னால் கொடுக்க முடியவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் எடுத்துக்கொள்ளும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் இருவரும் சேர்ந்தோம். விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். "என் உசுருக்கு வருசத்துக்கு இருவது ரூவாதானுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அது போதாது என்று இருவருக்கும் தெரியும். அதனால் ஏணியில் ஒருவர் ஏறினால் மற்றவர் கீழே பிடித்துக்கொண்டு நிற்பது என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்திருக்கிறோம், எவ்வளவு அவசரமானாலும்.

ஆள் வைத்தால் பழகிவிடுவார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று சக தொழில்காரர்கள் எச்சரிப்பார்கள். கேட்கட்டும். எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயம் அவர் கேட்டதால்தான் தெரிந்தது. பாதி நேரத்துக்கு முதல் ஆள் தேடும் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெயில் நாளில் எவ்வளவு தருவீர்கள் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். மழை நாளுக்கு என்ன தருவீர்கள் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஆளைத் தேடுங்கள்.