பெயர் போனால் ஆள் போவானா?

பெயரைப் பறித்துவிட்டால் மனிதன் வேறொருவன் ஆகிவிடுவானா? ஸ்காட்லாந்தின் மெக்ரிகர் குலத்தார் இந்தக் கேள்வியை உயிரைப் பணயம் வைத்துச் சந்தித்தார்கள்.

1603 பிப்ரவரியில், கிளென் ஃப்ரூன் பள்ளத்தாக்கில் அவர்கள் கோல்கூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். ஏப்ரலில் மன்னர் ஆறாம் ஜேம்ஸின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில் 'மெக்ரிகர்' என்ற பெயரையே ஒழித்து ஆணையிட்டது. மீறினால் மரண தண்டனை. பலர் மரே, கிராண்ட் போன்ற வேறு குலப்பெயர்களுக்கு மாறினார்கள். 1661இல் விலகிய தடை 1693இல் திரும்பவும் வந்தது. இக்குலத்தின் புகழ்பெற்ற வீரர் ராப் ராய், தாயின் குலப்பெயரான கேம்ப்பெலை ஏற்றார்.

ஒருவரை அவராக்குவது எது என்று ஆராய்ந்த தத்துவஞானி தாமஸ் ரீடின் தாய், மெக்ரிகர் வழிவந்ததாகக் கருதப்படும் கிரிகரி குடும்பத்தவர். நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்ற ஜான் லாக்கின் கருத்தை ரீட் 1785இல் மறுத்தார். எண்ணங்களும் நினைவுகளும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு உரிய 'நான்' பிளவுபடாமல் நீடிக்கிறது என்பது அவர் வாதம்.

மெக்ரிகர்களின் வரலாறு ரீடின் பக்கமே சாய்கிறது. மாற்றுப்பெயர்களில் தலைமுறைகள் கழிந்தும் தாங்கள் யார் என்பதை அவர்கள் விட்டுவிடவில்லை. 1774இல் தடை முற்றாக நீங்கியது. ஜான் மரே என்பவரைக் குலத்தலைவராக ஏற்றார்கள். அவர் மகன் ஈவன் 1822இல் அரச அனுமதியோடு மெக்ரிகர் என்ற பெயரை மீட்டார்.