கொடுக்கச் சென்றவனின் கடன்

நன்றியுணர்வைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். மறையுரைகளில் பேசுகிறோம், செபக் கூட்டங்களில் பேசுகிறோம், ஆண்டின் இறுதி இரவில் ஆலயத்தில் கூடி இறைவனுக்கு நன்றி செலுத்துகிறோம். ஆனால், அந்த நன்றி நம் உள்ளத்தில் எதிலிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்து பார்க்கத் தயங்குகிறோம். மருத்துவமனையில் நோயாளி ஒருவரைக் கண்டு திரும்புகையில், நமக்கு இந்நிலை நேரவில்லையே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம். ஒழுகும் கூரையின்கீழ் வாழும் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டுக் கூரையை நிமிர்ந்து நோக்கி நிறைவடைகிறோம். இது நன்றிதானா? அல்லது பிறருடைய இல்லாமையை விறகாக்கி நாம் குளிர்காய்கிறோமா?

நம் ஆண்டவர் கூறிய உவமையில் வரும் பரிசேயர் தம் மன்றாட்டை நன்றியோடுதான் தொடங்கினார் (லூக்கா 18). மற்றவர்களைப் போலவோ, அதோ நிற்கும் வரிதண்டுபவரைப் போலவோ தாம் இல்லை என்பதே அவருடைய நன்றிக்குக் காரணம். சொற்கள் நன்றியின் சொற்கள். உள்ளமோ செருக்கின் உள்ளம். ஆகவே, நன்றி என்னும் பெயரைத் தாங்கிய யாவும் நற்பண்பாகிவிடுவதில்லை.

அப்படியாயின் உண்மையான நன்றியின் ஊற்று எது? இந்த வினாவுக்கு விடை தேடும்போது, நம் திருச்சபைக்குப் புறத்தே நிற்கும் இளைஞர்கள் சிலரின் அனுபவம் நம் சிந்தனையைத் தூண்டுகிறது. மோர்மன் மறைப்பணியாளர்களைத்தான் குறிப்பிடுகிறோம்.

இருவர் இருவராக

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1830-ஆம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பெற்றது. அவர்கள் மறைநூலாக ஏற்கும் நூல்களுள் ஒன்றின் பெயரைக் கொண்டு உலகம் அவர்களை மோர்மன்கள் என்று அழைக்கிறது. யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டி அவர்களது தலைமையிடம். அச்சபையின் இளைஞர்கள் ஈராண்டுக் காலமும், இளம்பெண்கள் ஒன்றரை ஆண்டுக் காலமும் மறைப்பணிக்கென வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். இன்று 70,000-க்கும் மேற்பட்டோர் உலகெங்கும் இவ்வாறு பணியாற்றுகின்றனர். ஊதியம் கிடையாது, தாமோ தம் குடும்பத்தாரோ சேமித்த பணத்திலிருந்தே பெரும்பாலும் செலவை ஏற்கின்றனர். எந்த நாட்டுக்குச் செல்வது என்பதைத் தாமே தேர்ந்துகொள்வதும் இல்லை. இருவர் இருவராகவே நடக்க வேண்டும். துணைவரை விட்டுத் தனியே திரியலாகாது. 2019 பிப்ரவரி வரை, பெற்றோரின் குரலைத் தொலைபேசியில் கேட்பதற்கு வழக்கமாக ஆண்டில் இரண்டே நாள்கள் இருந்தன: கிறிஸ்து பிறப்பு விழாவும் அன்னையர் நாளும்.

இறையியல் பயின்ற நாம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூவொரு கடவுளைப் பற்றிய அவர்களது போதனைக்கும் நமது விசுவாசத்திற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. அவர்கள் வழங்கும் திருமுழுக்கு செல்லத்தக்கது அன்று என்று உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 2019 மார்ச் 9 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அச்சபையின் தலைவரை வத்திக்கானில் வரவேற்று உரையாடினார். கோட்பாட்டில் வேறுபடுவது ஒன்று. ஒரு மனிதரின் உள்ளத்தில் நிகழ்ந்த நன்மையைக் காண மறுப்பது வேறொன்று. பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் அறிக்கையிட்ட சங்கத்தின் பிள்ளைகள் நாம்.

ஊர் திரும்பும் இவ்விளைஞர்களுள் பலர் பகரும் சான்று வியப்பளிப்பது. எத்தனை பேரைச் சபையில் சேர்த்தோம் என்பதைக் காட்டிலும், விசுவாசம் தமக்குச் சொந்தமானது அந்த அந்நிய மண்ணிலேதான் என்பதையும், நன்றி கூறக் கற்றதும் அங்கேதான் என்பதையுமே அவர்கள் அழுத்திச் சொல்கின்றனர். கொடுக்கச் சென்றவர்கள் பெற்றுக்கொண்டு திரும்புகின்றனர். இது எங்ஙனம் நிகழ்கிறது?

பிரஸ்டன் நகரில் ஒரு கடிதம்

1933-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், கார்டன் ஹிங்க்லி என்னும் 23 வயது இளைஞர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பிரஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். உலகப் பொருளாதாரப் பெருமந்தம் எங்கும் வாட்டிய காலம் அது. லங்காஷயரின் பஞ்சாலைத் தொழில் நலிந்து, தொழிலாளர் பலர் வேலையின்றி நின்றனர். இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1931-இல், இதே லங்காஷயரின் டார்வன் என்னும் ஊருக்குத்தான் காந்தியடிகள் வந்திருந்தார். நம் நாட்டின் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் இன்னலுற்ற தொழிலாளர்களே அவரை அன்போடு வரவேற்றனர்.

ஹிங்க்லியின் உள்ளமும் அப்போது உறுதியாக இருந்ததாகச் சொல்ல முடியாது. அவருடைய தாய் 1930-இல் புற்றுநோயால் இறந்துபோயிருந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்ற அந்த மந்தக் காலத்தில், பெற்றோரின் விசுவாசத்தையே சிறிதளவு ஐயுற்றதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். இங்கிலாந்தோ அந்நாளில் மிகுந்த செலவு பிடிக்கும் பணித்தளம். சேமிப்பு இருந்த வங்கி நொடித்துப் போயிற்று. அப்போதுதான் தாய் விட்டுச்சென்ற ஒரு சிறு சேமிப்பு வெளிப்பட்டது. மளிகை வாங்கும்போதெல்லாம் மீதியாகக் கிடைத்த சில்லறைக் காசுகளைப் பிள்ளைகளின் மறைப்பணிக்கென அந்த அம்மையார் சேர்த்து வைத்திருந்தார்.

அக்காசுகளின் துணையோடு வந்த மகனுக்குப் பிரஸ்டனில் கிடைத்தது என்ன? சந்தைத் திடலில் நின்று பாடவும் பேசவும் வேண்டியிருந்தது, நடுக்கம் ஆட்கொண்டது. கதவுகள் மூடப்பட்டன. உடல்நலமும் குன்றியது. சில வாரங்களிலேயே மனம் தளர்ந்து, தம் காலத்தையும் தந்தையின் பணத்தையும் வீணடிப்பதாக வீட்டுக்கு எழுதினார். தந்தையின் பதில் மிகச் சுருக்கமாக வந்தது: உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்பதே அதன் சாரம். அன்று காலையில்தான் அவரும் துணைவரும் மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தை வாசித்திருந்தனர். தன்னைக் காத்துக்கொள்ள முனைபவர் தன்னை இழப்பார் என்று ஆண்டவர் கற்பிக்கும் பகுதி அது. கடிதத்தைக் கையில் பிடித்தபடியே அறைக்குள் சென்று முழந்தாளிட்டார். தம் வாழ்வில் பின்னர் வந்த நன்மைகள் யாவும் அன்றைய முடிவிலிருந்தே கிளைத்தன என்று முதுமையிலும் சொல்லி வந்தார்.

அவர் 1995-இல் அச்சபையின் தலைவரானார், 1998-இல் பிரஸ்டனுக்கு அருகே எழுந்த கோவிலை அவரே அர்ப்பணித்தார், 2008-இல் காலமானார். ஆனால் இந்த வெற்றியைக் காட்டி அக்கடிதத்திற்கு மதிப்புத் தேடுவது தவறு. அவரைப் போலவே கதவுகளைத் தட்டி, யாரையும் சேர்க்காமல், பெயர் தெரியாமல் ஊர் திரும்பியவர் எத்தனையோ பேர். கனி கிடைத்ததற்காகப் பிறப்பது மட்டுமே நன்றி என்றால், அவர்களுக்கு நன்றி கூற ஏதும் இல்லை என்றாகிவிடும். பிரஸ்டனில் அன்று கதவுகள் மூடியே இருந்தன. வேலை எதுவும் எளிதாகிவிடவில்லை. மாறியது அவர் தம்மை எண்ணிப் பார்த்த முறையே.

பெற்றுக்கொள்ளக் கற்றல்

மனம் தளர்ந்தபோது அவர் எழுதியதைக் கவனியுங்கள்: என் காலம், தந்தையின் பணம், வீண். கணக்குப் பார்ப்பவரின் சொற்கள் இவை. கொடுப்பவன் நான், பெறுபவர் அவர்கள், அவர்கள் பெற மறுக்கிறார்கள் என்னும் கணக்கு அது. ஆனால் அவர் உண்ட ஒவ்வொரு ரொட்டித் துண்டிலும், இறந்துபோன ஒரு தாயின் மளிகைக் காசு இருந்தது. கொடுப்பவன் என்று தம்மைக் கருதிக்கொண்டிருந்தவர், வந்து இறங்கிய கணம் முதல் கடனாளியாகவே இருந்தார். தன்னை மறந்தவனுக்குத்தான் தான் பெற்றவை கண்ணில் படும்.

அயல்மொழி பேசும் நாட்டுக்கு அனுப்பப்படும் மோர்மன் இளைஞர்கள் இதை இன்னும் தெளிவாக உணர்கின்றனர். சில வாரப் பயிற்சியோடு செல்லும் அவர்களுக்கு அவ்வூர்ச் சிறுவனின் மொழியறிவுகூட இராது. கடவுளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதற்கு முன், தண்ணீருக்கும் சோற்றுக்கும் அவ்வூராரின் சொல்லைக் கேட்டுப் பெற வேண்டும். பேசிப் பேசியே மொழி வசப்படுவதுபோல, விசுவாசமும் திக்கித் திக்கி அறிக்கையிடுகையிலேயே அறிக்கையிடுபவனுக்குச் சொந்தமாகிறது. நம் ஆண்டவரும் எழுபத்திரண்டு சீடரைப் பணப்பையின்றி அனுப்பி, தங்கள்முன் வைக்கப்படுவதை உண்ணுமாறு பணித்தார் (லூக்கா 10). சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் நீட்டியதும் வெறுங்கையே (யோவான் 4).

இதை நாம் கற்றதும் எளிதாக அன்று. குருத்துவத்தின் தொடக்க நாள்களில், வீடு சந்திப்பின்போது ஏழைக் கைம்பெண் ஒருவர் கடுங்காப்பி போட எழுந்தார். அவருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம் என்று எண்ணி, வேண்டாம் என்று மறுத்தோம். அவர் முகம் வாடியது. "ஏன் சாமி, எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். பெருந்தன்மை என்று நாம் நினைத்தது அவருக்கு அவமதிப்பாயிற்று. அன்று நாம் அங்கே கொடுப்பவராக மட்டுமே இருக்க விரும்பினோம். பெறுபவராக இருக்க நமக்கு விருப்பமில்லை. இன்றும் அக்கேள்வி நம்மை உறுத்துகிறது.

நன்றியின் படிகள்

நன்றியில் மூன்று படிகள் உண்டு என்கிறார் புனித தோமா அக்குவினார்: பெற்ற நன்மையை நன்மையென அறிதல், அதைப் புகழ்ந்து நன்றி கூறல், தக்க காலத்தில் இயன்றவாறு கைம்மாறு செய்தல். நன்றியின்மையில் மிகக் கொடியது, நன்மை பெற்றோம் என்பதையே அறியாதிருத்தல். செய்ந்நன்றியறிதலைப் பாடிய வள்ளுவரோ, உதவியின் அளவைத் தீர்மானிப்பது உதவிப் பொருள் அன்று, அதைப் பெற்றவரின் பண்பே என்கிறார். இவ்விரு சான்றோரின் கருத்துப்படி பார்த்தால், ஒப்பீட்டிலிருந்து பிறக்கும் நன்றி முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. ஒழுகும் கூரையைக் கண்டு நம் கூரைக்காக மகிழும்போது, நமக்குக் கொடுத்தவர் எவரையும் நாம் நினைப்பதில்லை. இல்லாதவரை மட்டுமே நினைக்கிறோம். உண்மையான நன்றிக்கோ கொடுத்தவரின் முகம் தெரியும். அது கைம்மாறு செய்யவும் துடிக்கும். ஒழுகும் கூரையைக் கண்டபின் சும்மா இராது.

வறிய நாடுகளுக்குச் செல்லும் மறைப்பணியாளர் எவருக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. அம்மக்களின் வறுமையைக் கண்டு, தம் தாய்நாட்டின் வளத்திற்காக நன்றி கூறித் திரும்புவது எளிது. அங்கேயே நின்றுவிட்டால் அது பரிசேயரின் மன்றாட்டே. தம் உணவில் பாதியைப் பிட்டுத் தந்த ஒரு வீட்டாரின் முகத்தை நினைந்து வாழ்நாளெல்லாம் கடன்பட்டவராய் வாழ்வதே நன்றி.

ஓர் எச்சரிக்கை

தன்னை மறப்பது பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நம் கடமை. தந்தை ஒருவர் தம் மகனை அறிந்து, அன்பினால் எழுதிய சொல்லை, எல்லாருக்கும் கட்டளையாக்கினால் அது காயப்படுத்தும். உடலாலோ உள்ளத்தாலோ நலிந்து, பணிக்காலம் முடியுமுன் வீடு திரும்பும் இளைஞர்கள் மோர்மன்களிடையே உண்டு. தோல்வியுற்றவர் என்னும் வெட்கத்தைச் சுமப்போரும் அவர்களுள் உண்டு. நம் குருமடங்களிலிருந்தும் கன்னியர் மடங்களிலிருந்தும் திரும்பிய பிள்ளைகளை நம் குடும்பங்கள் எப்படி நடத்துகின்றன என்பதை எண்ணிப் பார்ப்போம். தன்னை மறத்தல் என்பது தன்னை வெறுத்தல் அன்று. களைத்தவர் ஓய்வைப் பெற்றுக்கொள்வதும் ஒரு பெறுதலே.

மூடப்படும் கதவையும் நாம் மதிக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் நம் விசுவாசத்தை வளர்ப்பதற்கான கருவி அல்லர். தம் மனச்சான்றின்படி வாழும் உரிமையுள்ளவர். அவர் மறுத்தாலும் அவருக்குரிய மரியாதை குறையாது.

அன்பார்ந்த வாசகரே! இன்றிரவு உறங்கச் செல்லுமுன், பெற்ற நன்மைகளை எண்ணி நன்றி கூறும்போது, பொருள்களை எண்ணுவதோடு நிறுத்தாமல் முகங்களையும் எண்ணிப் பாருங்கள். நமக்கென யாரோ சேர்த்து வைத்த சில்லறைக் காசுகள் நம் ஒவ்வொருவரின் வாழ்விலும் உண்டு. சேர்த்தவர் இறந்திருக்கலாம், நம்மிடம் ஒன்றும் சொல்லாமலே போயிருக்கலாம். நாம் உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதரே நமக்குக் கொடுத்தவராகவும் இருக்கலாம். அந்த முகத்தை ஆண்டவர் திருமுன் நினைவுகூர்ந்து, நாளை நாம் அவருக்குச் செய்யக்கூடியது என்னவென்று கேட்போம்.